சனிக்கிழமை வர்ணனையாளர், திங்கட்கிழமை டிரில் மாஸ்டர்

1973 ஜனவரி 27 அன்று கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில், பல நாட்டு வீரர்களை அழைத்து அமைக்கும் பார்பேரியன்ஸ் அணியும் நியூசிலாந்தும் மோதின. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில், தன் அணியின் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை எடுத்த பார்பேரியன்ஸின் ஃபில் பென்னட், துரத்தி வந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றினார். கைமாறிக் கைமாறி மறுமுனை வரை போன அந்தப் பந்தைக் கடைசியில் கேரத் எட்வர்ட்ஸ் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து தரையில் பதித்தார். ரக்பியில் இதற்கு ட்ரை என்று பெயர். ரசிகர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கும் ட்ரை இது. காட்சியோடு ஒட்டிக்கொண்டுவிட்ட குரல் கிளிஃப் மார்கனுடையது. ஆனால் அன்று ஒலிவாங்கியின் முன் அமர வேண்டியவர் பில் மெக்லாரன். உடம்பு சரியில்லாமல் அவர் படுத்துவிட்டதால் மார்கன் அவசரமாக வந்து பேசினார்.

வேறொரு வர்ணனையாளராக இருந்தால் இந்த ஒரு இழப்பே வாழ்நாள் புண்ணாகியிருக்கும். மெக்லாரனின் பெயரை அது தொடவே இல்லை. பிபிசிக்காக 1953-இல் தொடங்கி 2002-இல் முடித்த 49 ஆண்டு வர்ணனையில் எந்த ஒரு தனிக் கணத்தையும் நம்பி அவர் புகழ் நிற்கவில்லை. ரக்பி என்றால் அவர் குரல் என்று பிரிட்டனில் ஒரு தலைமுறை வளர்ந்தது. இத்தனைக்கும் வேல்ஸ் அணிக்கு ஆடிப் புகழ்பெற்ற மார்கனைப் போல அவர் நாட்டுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியவர் இல்லை. முழுநேர ஒலிபரப்பாளரும் இல்லை. ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி, டிவியட் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 14,000 பேர் வாழும் ஹாயிக் என்ற பின்னலாடை ஊரில் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். நம் பேச்சுவழக்கில் டிரில் மாஸ்டர்.

அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அவருடைய எல்லைப்புற உச்சரிப்பையும் உவமைகளையும் கொண்டாடியிருக்கிறார்கள். கொண்டாட வேண்டியவைதான். ஆனால் என் கணிப்பில் அவர் தொழிலுக்கு அச்சாணி அவருடைய விலாசம். ஹாயிக்கில் பிறந்தார், ஹாயிக்கில் பாடம் நடத்தினார், ஹாயிக்கில் பிள்ளைகளை வளர்த்தார், ஹாயிக்கில் இறந்தார். வர்ணனையில் அவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதற்கெல்லாம் விளக்கம் அந்த ஊரில்தான் கிடைக்கிறது.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். எல்லைப்புறத்தில் சில மைல் இடைவெளியில் ஊர்கள்: ஹாயிக், ஜெட்பரோ, கெல்சோ, மெல்ரோஸ், செல்கெர்க், கலாஷீல்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நெசவாலையோ சந்தையோ உண்டு; ஒவ்வொன்றுக்கும் ஒரு ரக்பி சங்கம் உண்டு. கோடையில் ஒவ்வொரு ஊரும் குதிரையேறித் தன் எல்லையைச் சுற்றி வரும் திருவிழா நடத்தும். ஹாயிக்கின் விழா 1514-இல் ஊர் இளைஞர்கள் ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றை மடக்கிக் கொடியைப் பறித்ததன் நினைவாக நடக்கிறது. ரக்பியும் இதே அக்கம்பக்கப் பகையில் வளர்ந்ததுதான். சங்கத்துக்குக் காசு சேர்க்க 1883-இல் மெல்ரோஸ் கசாப்புக்கடைக்காரர் நெட் ஹெய்க் சொன்ன யோசனையில் பிறந்தது ஏழு பேர் ஆடும் ரக்பி. இன்று அது ஒலிம்பிக் விளையாட்டு. 1901-இல் தொடங்கிய பார்டர் லீக், உலகின் மிகப் பழைய ரக்பி யூனியன் லீக் என்று பெயர் பெற்றது. நகரத்துப் பள்ளிகளில் கனவான்களின் விளையாட்டாக இருந்த ரக்பி, இங்கே ஆலைத் தொழிலாளியும் உழவரும் தச்சரும் ஆடும் ஆட்டமாக இருந்தது.

1923 அக்டோபர் 16-இல் இந்த ஊரில் பிறந்த மெக்லாரனுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரே ஆசை: ஹாயிக்கின் பச்சைச் சட்டை, பிறகு ஸ்காட்லாந்தின் நீலச் சட்டை. இடையில் போர் வந்தது. ராயல் ஆர்ட்டிலரியில் சேர்ந்து இத்தாலிக்குப் போனார்; மான்டே கசினோ சண்டையில் இருந்தார். பீரங்கிப் படையில் முன்னணிப் பார்வையாளர் வேலை. எதிரியின் முகத்துக்கு நேரே ஒளிந்திருந்து, குண்டு எங்கே விழுகிறது, இன்னும் எவ்வளவு தள்ள வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பின்னாலிருப்பவர்களுக்குச் சொல்லும் வேலை. கண்ணால் கண்டதைக் காணாதவனுக்குப் பிசகின்றிச் சொல்லும் பயிற்சி அங்கேதான் கிடைத்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போர் அவருக்குத் தந்தது வேறு. இத்தாலியில் ஒரு தேவாலய வளாகத்தில் 1,500 பிணங்கள் குவிந்து கிடந்ததைக் கண்டார். இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் கண்ட காட்சி. ஆட்டம் ஆட்டம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற நிதானம் அவர் குரலில் கடைசி வரை இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

திரும்பி வந்து ஹாயிக் அணியில் ஃபிளாங்கராக ஆடினார். 1947-இல் ஸ்காட்லாந்துத் தேர்வாட்டம் வரை போனார். நீலச் சட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது காசநோய் வந்து விழுந்தார்.

கிழக்கு லோதியனில் இருந்த ஈஸ்ட் ஃபார்ச்சூன் சானடோரியத்தில் 19 மாதங்கள். காசநோய்க்கு அன்றுவரை உருப்படியான மருந்து கிடையாது. படுக்கை, காற்று, உணவு, காத்திருப்பு, அவ்வளவுதான். 1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அப்போதுதான் பிரிட்டனில் சோதனையில் இருந்தது. அந்த நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய சோதனையின் முடிவுகள் 1948-இல் வெளிவந்து, மருத்துவ ஆராய்ச்சி முறையையே மாற்றின. ஈஸ்ட் ஃபார்ச்சூனில் அந்த மருந்து ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டது. இருவர் பிழைத்தார்கள். ஒருவர் மெக்லாரன்.

நமக்கு அருகில் உள்ள ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும், வீட்டிலிருப்பவர்களுக்கும் கூடுதல் ஆபத்தில்லை என்று நிறுவிய ஆய்வு சென்னையில் நடந்தது. 1956-இல் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவுகள் 1959-இல் வெளியாயின. நோய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு தள்ளி வந்திருந்தால் மெக்லாரன் ஊரையும் வீட்டையும் விட்டு 19 மாதம் இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் வர்ணனையாளர் ஆகாமலும் போயிருக்கலாம். நோயாளிகள் தங்களுக்குள் டேபிள் டென்னிஸ் ஆட, படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக மருத்துவமனை வானொலியில் அந்த ஆட்டங்களை வர்ணித்ததுதான் அவருடைய முதல் வர்ணனை.

பிழைத்து வந்தவரால் இனி ரக்பி ஆட முடியாது. உள்ளூர்ச் செய்தித்தாளான ஹாயிக் எக்ஸ்பிரஸில் நிருபராக எழுதினார். பிபிசிக்கு வழி திறந்ததும் அந்தப் பத்திரிகை மூலமாகத்தான். 1953-இல் தேசிய வானொலியில் முதல் ஆட்டம்: ஸ்காட்லாந்து வேல்ஸிடம் 0-12 என்று தோற்றது. ஆறு ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சிக்கு மாறினார். இதற்கிடையே அபர்டீனில் படித்த உடற்கல்வி அவரை ஹாயிக்கின் பள்ளிகளுக்குள் கொண்டுபோயிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணமும் ஓட்டமும் ரக்பியும். சனிக்கிழமை எடின்பரோவோ டப்ளினோ பாரிஸோ. 1987 வரை ஆசிரியர் வேலையை அவர் விடவில்லை. அதாவது, உலகமே அறிந்த குரலான பிறகும் ஒரு தலைமுறைக்கும் மேலாக அவர் காலையில் விசில் ஊதிக்கொண்டுதான் இருந்தார்.

அவர் வகுப்பில் வளர்ந்து ஸ்காட்லாந்துக்கு ஆடியவர்களில் மூவர்: ஜிம் ரென்விக், காலின் டீன்ஸ், டோனி ஸ்டேங்கர். மூவருமே ஆளுக்கு 52 சர்வதேசப் போட்டிகள் என்பது கதையில் எழுதினால் யாரும் நம்பாத பொருத்தம். 1984-இல் ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் ஸ்காட்லாந்து வென்றபோது ஹூக்கர் என்ற இடத்தில் ஆடியவர் டீன்ஸ். 1990 மார்ச்சில் மரேஃபீல்டு மைதானத்தில் இங்கிலாந்தை 13-7 என்று வீழ்த்தி மறுபடி அதே சாதனையைச் செய்தபோது ட்ரை அடித்தவர் ஸ்டேங்கர்.

இனி அவர் வேலை செய்த விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரு வாத்தியாரின் வேலைமுறை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெரிய தாள் ஒன்றை விரித்து, இரு அணிகளின் ஒவ்வொரு வீரரைப் பற்றியும் பொடி எழுத்தில், பல வண்ண மையில் குறிப்பெடுப்பார். உயரம், எடை, ஊர், பள்ளி, பிழைப்பு, முன்பு ஆடிய ஆட்டங்கள், இரு அணிகளின் பழைய கணக்கு. எண்பது நிமிட ஆட்டத்தில் இதில் மிகச் சிறு பகுதிதான் வாயில் வரும்; மிச்சம் தாளிலேயே கிடக்கும். அடுத்த ஆட்டத்துக்குப் புதுத் தாள். பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியைப் பையன் கேட்டுவிடுவானோ என்று அஞ்சிப் படிக்கிற ஆசிரியரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தாளைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

அடுத்தது சீட்டுகள். வீரர்களின் எண்ணையும் பெயரையும் அட்டைகளில் எழுதி, சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பித் தன்னையே பரீட்சித்துக்கொள்வார். எண் தெரிந்தால் பெயர் வர வேண்டும், யோசிக்காமல் வர வேண்டும். ஆனால் ஜனவரி மாத எல்லைப்புறச் சேற்றில் அரைமணி நேரம் ஆடினால் முப்பது பேரின் முதுகும் ஒரே நிறமாகிவிடும், எண் உதவாது. அதனால் ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் இரு அணிகளும் பயிற்சி செய்யும் இடத்துக்கே போய் நிற்பார். யார் எப்படி ஓடுகிறான், எந்தக் காலால் உதைக்கிறான், இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மிலிருந்து எழும்போது தோளை எப்படிக் குலுக்குகிறான் என்று பார்ப்பார். பயிற்சிக்குப் போகும்போது சட்டைப்பையில் ஹாயிக் பால்ஸ் என்று ஊர்ப் பேரிலேயே வழங்கும் புதினா மிட்டாய் இருக்கும். ஸ்காட்லாந்துக்காரன், ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் கொடுப்பார். அந்த மிட்டாயை மெக்லாரன் கையால் வாங்கித் தின்பதைத் தேசிய அணியில் இடம் பிடித்ததற்கான அடையாளமாகவே ஆட்டக்காரர்கள் எண்ணியதுண்டு.

வர்ணனைக்கு வருவோம். ஒரு ட்ரை விழுந்ததும், இன்று இரவு அடித்தவனின் ஊர்த் தெருக்களில் ஆட்டம் பாட்டம்தான் என்று சொல்வது அவருடைய முத்திரை. நகைச்சுவைக் கலைஞர்கள் இதை நடித்துக் காட்டுகிற அளவுக்குப் பிரபலம். கேட்பதற்கு ஒரு வாய்ப்பாடு போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் இதற்குள் அவருடைய உலகமே இருக்கிறது. சிவப்புச் சட்டையோ வெள்ளைச் சட்டையோ அணிந்து ஆடும் ஒவ்வொருவனும் ஏதோ ஒரு ஊரின் பிள்ளை. அந்த ஊரில் அவனுக்குத் தெரு இருக்கிறது, அந்தத் தெருவில் அவன் தாய் தகப்பன் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். வேல்ஸின் சுரங்க ஊரோ ஐரிஷ் கிராமமோ, அவருக்கு அது இன்னொரு ஹாயிக். அவருடைய உவமைகளும் அந்த மண்ணிலிருந்து வந்தவையே. பிடிகொடுக்காமல் நழுவி ஓடுபவனுக்கு மலையோடையின் சிறுமீன்தான் உவமை.

அவருடைய நடுநிலையை எல்லோரும் புகழ்கிறார்கள். அதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை ஒருவனைப் பற்றி நாடு முழுவதும் கேட்கப் பேசிவிட்டு, திங்கட்கிழமை ஹாயிக் கடைத்தெருவில் அவன் மாமனை நேருக்கு நேர் பார்க்க வேண்டியவர் அவர். பெருநகரத்து ஒலிபரப்பாளனுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சிற்றூரில் சொல்லுக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே தெரியாததைப் பேசக் கூடாது, தெரிந்ததிலும் புண்படுத்துவதைப் பேசக் கூடாது என்ற இரட்டைக் கட்டுப்பாடு அவருக்கு இயல்பாகவே வாய்த்தது.

சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. மூத்த மகளின் கணவர் ஆலன் லாசன் ஸ்காட்லாந்தின் ஸ்க்ரம் ஹாஃப், அதாவது ஒன்பதாம் எண் ஆட்டக்காரர். 1972-க்கும் 1980-க்கும் இடையில் 15 போட்டிகள் ஆடியவர். தொலைக்காட்சியில் ஸ்காட்லாந்தின் குரலாக இருந்தவர் அவருக்கு மாமனார் ஆனார். அணியின் பதினைந்து பேரில் ஒன்பதாம் எண் சட்டைக்காரனுக்கு மட்டும் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ பேசினால் நாடே கவனிக்கும். மெக்லாரனின் பதில் வழக்கமானதுதான்: மற்ற பதினான்கு பேருக்கும் என்ன அளவோ அதே அளவு.

இந்தக் கண்ணியத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அவரைப் பற்றிய அஞ்சலிக் கட்டுரைகள் அதை அதிகம் தொடவில்லை. அவர் காலத்து ரக்பி முரட்டுத்தனமானது. ஸ்க்ரம்முக்குள் குத்துவிடுவதும், கீழே விழுந்தவனை ஆணிக்காலணியால் மிதிப்பதும் வாரந்தோறும் நடந்தன. மெக்லாரன் அவற்றைச் சின்னத் தள்ளுமுள்ளு என்பதுபோல ஒரு சிரிப்பான சொல்லில் கடந்துவிடுவார். யார் மனமும் நோகாது. ஆனால் பார்க்கும் பையனுக்கு, அடிதடியும் ஆட்டத்தின் ஒரு சுவாரசியம்தான் என்று படும். ஊராரிடம் காட்டும் அதே தாட்சணியம் ஆட்டத்தின் கேட்டையும் மூடிவிட்டது. அவரை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

குடும்பஸ்தன் என்ற சொல் அவரைப் பற்றிய எல்லாக் குறிப்பிலும் வருகிறது. விளையாட்டு வர்ணனையாளனின் வாழ்க்கையில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. மற்றவர்கள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமையில்தான் இவனுக்கு வேலை. பெட் என்பவரை 1951-இல் மணந்து, இரண்டு மகள்களை வளர்த்த மெக்லாரன், ஊரை விட்டு லண்டன் போயிருந்தால் பயணம் பாதியாகியிருக்கும். ஹாயிக்கிலிருந்து எங்கே போவதும் சிரமம். எடின்பரோவே ஐம்பது மைல். 1969 ஜனவரியில் வேவர்லி ரயில்பாதையை அரசு மூடியபோது ஊருக்கு ரயிலே இல்லாமல் போனது. 2015-இல் திரும்ப வந்த ரயிலும் ஹாயிக் வரை வராமல் ட்வீட்பேங்க்கோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் முடிந்தவரை அன்றைக்கே வீடு திரும்புவது அவர் வழக்கம். வெளியூரில் கழியும் ஒவ்வொரு நாளும் வீண் என்ற ஊர்ப் பேச்சு அவர் வாயில் அடிக்கடி வரும். ஊரை ஒட்டிய வெர்டிஷ் குன்றின் கோல்ஃப் திடலில் மனைவியோடு ஆடுவதுதான் அவருக்குப் பெரிய விடுமுறை.

2000-இல் இளைய மகளைப் புற்றுநோய் கொண்டுபோனது. போரையும் காசநோயையும் தாண்டியவரை இது உடைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் வர்ணனை செய்தார். 2001-இல் சர்வதேச ரக்பி புகழ்க்கூடத்தில், நாட்டுக்கு ஆடாத முதல் மனிதராக அவர் பெயர் சேர்ந்தது. 2002 ஏப்ரலில் கார்டிஃபில் வேல்ஸ்–ஸ்காட்லாந்து ஆட்டம் கடைசி. 1953 கணக்கு நேரானதுபோல இந்த முறை ஸ்காட்லாந்து வென்றது. சொந்த அணி தோற்ற அந்த நாளிலும் வேல்ஸ் கூட்டம் அவருக்காகப் பாடியது. ஒரு ரசிகர் பிடித்திருந்த பதாகையில், பில் மெக்லாரன் வேல்ஸ்காரர் என்று எழுதியிருந்தது. இதைவிடப் பெரிய பட்டம் அவருக்கு யாரும் தந்ததில்லை, அடுத்த ஆண்டு அரண்மனை தந்த சிபிஇ விருது உட்பட.

அவர் விடைபெற்றபோது, அவர் அறிந்த ரக்பியும் ஏற்கனவே போய்விட்டிருந்தது. 1995 ஆகஸ்டில் விளையாட்டு தொழில்முறைக்கு மாறியது. அதுவரை சனிக்கிழமை ஸ்காட்லாந்துக்கு ஆடியவன் திங்கட்கிழமை ஆலைக்கோ பண்ணைக்கோ வங்கிக்கோ போனான். அவனை வர்ணித்தவர் பள்ளிக்குப் போனார். இருவரும் ஒரே வகை மனிதர்கள். சம்பளத்துக்கு ஆடும் காலத்தில் வீரர்கள் நகரத்து அணிகளுக்குப் போனார்கள். ஸ்காட்லாந்தின் தொழில்முறை ரக்பி எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் குவிந்தது. எல்லைப்புறத்துக்கென்று அமைத்த தொழில்முறை அணி 2007-இல் கலைக்கப்பட்டது. ஹாயிக் சங்கம் இன்றும் மேன்ஸ்ஃபீல்டு பார்க்கில் ஆடுகிறது, ஆனால் ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் ஆளுக்கு 52 ஆட்டங்கள் ஆடும் காலம் போய்விட்டது.

மெக்லாரன் 2010 ஜனவரி 19-இல் ஹாயிக்கில் காலமானார், 86 வயது. அப்போது ஆலன் லாசனின் மகன் ரோரி ஸ்காட்லாந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தார், தந்தையைப் போலவே ஸ்க்ரம் ஹாஃபாக. 2006-இல் தொடங்கி மொத்தம் 31 போட்டிகள் ஆடினார். தாத்தா இறந்த அதே ஆண்டு நவம்பரில் மரேஃபீல்டில் தென்னாப்பிரிக்காவை 21-17 என்று ஸ்காட்லாந்து தோற்கடித்தபோது அணித்தலைவர் ரோரிதான். காயத்தால் ஆட்டத்தை விட்டபின் அவரும் தொலைக்காட்சியில் ரக்பியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.